அண்ணி குறைத்து எழுதிய கொப்பி

டொக்டருக்கு முன்னால் போய் உட்கார்ந்தால் எனக்கு நோயே இல்லை. என் நோயில் எனக்கு மிகவும் எரிச்சல் தந்த விஷயம் இதுதான். வீட்டில், வகுப்பில், பஸ்ஸில், பூசையில் என்று எங்கும் என்னைப் போட்டு உலுப்புகிற கழுத்து, வெள்ளைக் கோட்டைக் கண்டதும் நல்ல பிள்ளையாக அடங்கிவிடும். அதனாலேயே எனக்குக் கிடைக்கவேண்டிய சத்திரசிகிச்சை கைநழுவிப் போகப் பார்த்தது. மண்டையில் துளை போடச் சொல்லிக் கெஞ்சினவள் என்று என்னைப் பற்றி ஊரில் கதைக்கிறார்கள். கதைக்கட்டும். தையல் பிரித்து நாலு மாதமாகிறது, பேனா பிடிக்க விரல் வளைகிறது, ஆகவே நானே எழுதிவிடுகிறேன்.

என் பெயர் ஜெசிந்தா. முப்பத்திரண்டு வயது. புதுக்குடியிருப்பில் கணக்கு ரியூஷன் நடத்துகிறேன். ஒன்பது வயதில் கண் சிமிட்டுவதில் தொடங்கியது. பிறகு தோள் துள்ளியது. பதினைந்து வயதில் கழுத்துக்கு வந்தது. தலை பின்பக்கமாக வெட்டி இழுக்கும், கூடவே தொண்டைக்குள்ளிருந்து "ஹப்" என்று ஒரு சத்தம் பாயும். அப்பா குட்டிப் பார்த்தார். அம்மா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்தார். பேய் என்றார்கள், கெட்ட பழக்கம் என்றார்கள், கலியாணம் வேண்டாம் என்று நடிக்கிறாள் என்றுகூடச் சொன்னார்கள். நடிப்பதென்றால் நான் இதைவிட வடிவான ஒன்றைத் தெரிந்தெடுத்திருக்க மாட்டேனா?

பிள்ளைகளுக்கு மட்டும் முதல் நாளே நேரே சொல்லிவிடுவேன். "டீச்சருக்குக் கழுத்து வெட்டும், சத்தம் வரும். ரெண்டு கிழமைக்குச் சிரியுங்கோ. மூண்டாம் கிழமையும் சிரிச்சா வீட்டுக்கணக்கு ரெண்டு மடங்கு." மூன்றாம் கிழமை ஒருவரும் சிரித்ததில்லை.

சண்டை ஓய்ந்து வவுனியாவுக்குப் பாதை திறந்த பிறகு, அங்கே ஒரு டொக்டர்தான் இதற்கு முதன்முதலில் பெயர் சொன்னார். டிக். நாம் கேட்காமலே உடம்பு செய்கிற அசைவும் சத்தமும். இரண்டும் சேர்ந்து வருடக்கணக்கில் இருந்தால் அதற்கு ஒரு பிரெஞ்சு டொக்டரின் பெயரை வைத்திருக்கிறார்களாம். தும்மலுக்கு முன் மூக்குக்குள் ஒரு ஊறல் எடுக்குமே, அதேபோல எனக்குக் கழுத்துக்குள் எடுக்கும். பல்லைக் கடித்தால் கொஞ்ச நேரம் அடக்கலாம். அடக்கியதெல்லாம் பிறகு ஒன்றாகச் சேர்ந்து வரும். நாலு வகைக் குளிசை தந்தார்கள். ஒன்று நித்திரையாக்கியது, ஒன்று ஊத வைத்தது, ஒன்றில் நாக்கு விறைத்தது. நாலாவதைக் குடித்தேனா இல்லையா என்று கழுத்துக்குத் தெரியவே இல்லை.

இப்படியே இழுத்துக்கொண்டு இருந்திருப்பேன். ஆனால் ஒரு நாள் வகுப்பில் கையிலிருந்து சோக்கட்டி விழுந்தது. எடுத்தேன், மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை குனிந்தபோது வலக்கை விரல் மூன்றில் உணர்ச்சியே இல்லை. கொழும்பில் மயக்கம் தந்துதான் ஸ்கான் எடுத்தார்கள், ஏனென்றால் அந்தக் குழாய்க்குள் தனியே படுத்தால் நான் துள்ளுகிற துள்ளலில் படம் எல்லாம் கலங்கல். டொக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். பதினேழு வருடமாக வெட்டி வெட்டிக் கழுத்தெலும்பு தேய்ந்து, உள்ளே ஓடுகிற நரம்புத் தண்டை நசிக்கத் தொடங்கியிருந்தது. எலும்பைச் சரிசெய்தாலும் இந்த வெட்டு அதை மறுபடி உடைத்துவிடும். முதலில் வெட்டை நிறுத்த வேண்டும். நிறுத்தாவிட்டால் முதலில் கை போகும், பிறகு கால். அவர் இதை நல்ல அமைதியாகச் சொன்னார். நான் சோக்கட்டியை நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் சொன்ன வழி ஆழ்மூளைத் தூண்டல். தலையோட்டில் இரண்டு சின்னத் துளை போட்டு, மூளையின் அடியில் அசைவைக் கட்டுப்படுத்துகிற இடத்துக்கு இரண்டு மெல்லிய கம்பிகளை இறக்குவார்கள். கம்பி காதுக்குப் பின்னால் தோலுக்கு அடியாக இறங்கிக் காறையெலும்புக்குக் கீழே, நெஞ்சுக்கு வரும். அங்கே தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய பற்றரி ஒன்றைப் புதைப்பார்கள். அது ஓயாமல் சின்னச் சின்ன மின்துடிப்பு அனுப்பும். இலங்கையில் அப்போது இல்லை. சென்னையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கைநடுக்க நோய்க்குச் செய்துகொண்டிருந்தார்கள். டிக் நோய்க்கு உலகத்திலேயே கொஞ்சப் பேருக்குத்தான் செய்திருக்கிறார்கள், இன்னும் பரீட்சார்த்தம்தான் என்றார். அதனால் ஒரு குழு கூடித் தீர்மானிக்கும். மருந்து கேட்கவில்லை என்பதையும் நோய் கடுமையானது என்பதையும் நாங்கள் நிரூபிக்க வேண்டும். செலவைக் கனடாவில் இருக்கும் மூத்த அண்ணன் ஏற்றுக்கொண்டார். கடுமையைத்தானே, நிரூபித்துவிடலாம் என்று நானும் நம்பினேன்.

நிரூபிக்கிற வேலை றெஜினா அண்ணியின் தலையில் விழுந்தது. அண்ணி, சின்ன அண்ணனின் மனைவி, எங்களோடு ஒரே வளவில் இருப்பவர். ஒரு மாதத்துக்குத் தினமும் மூன்று தடவை, அரை மணித்தியாலம் என்னைப் பார்த்து எத்தனை வெட்டு, எத்தனை சத்தம் என்று எண்ணிக் கொப்பியில் எழுத வேண்டும். அண்ணி நீலக் கொப்பி ஒன்றுக்கு உறை போட்டு, முதல் பக்கத்தில் சிலுவை கீறித் தொடங்கினார். குசினிக் கதவடியில் கதிரையைப் போட்டுக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருப்பார். நான் கொப்பியைத் திறந்து பார்க்கவில்லை. என் மானக்கேட்டை நானே வாசிப்பதா?

ஓமந்தையைப் பற்றியும் சொல்லவேண்டும். வவுனியாப் பாதையில் இருக்கும் சோதனைச் சாவடி அது. எங்கள் பக்கத்தில் இயக்கத்தின் பாஸ் காட்டி, இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஆளில்லாத சூனியப் பிரதேசம் கடந்து, இராணுவத்தின் மேசைக்கு முன் வரிசையில் நின்று பை திறக்கிற இடம். துவக்கு பிடித்து நிற்கும் சிப்பாய்க்கு முன்னால் ஒரு பெண் திடீரென்று தலையை வெட்டிக் கத்தினால் என்ன நடக்கும்? அதை நடத்திப் பார்க்க எனக்கு விருப்பமில்லை. ஆகவே அடக்கப் பழகினேன். அந்தப் பாதை திறக்குமுன் இருந்த தடைகளிலும் அப்படித்தான். மேசை, கோப்பு, பேனா பிடித்த ஒருவர் இருந்தால் போதும், என் கழுத்து இரும்பாகிவிடும். "போகலாம்" என்று அவர்கள் சொன்னதும் பஸ்ஸில் ஏறி உட்காருவேன், அதற்குப் பிறகுதான் எல்லாம் வரும். வீடு திரும்பும் பஸ் என்றால் புளியங்குளம் தாண்டும்வரை விடாது. அண்ணி ஒரு துவாயை மடித்து என் பிடரிக்கும் சீற்றின் கம்பிக்கும் இடையில் பிடித்துக்கொண்டிருப்பார். பஸ்காரருக்கும் தெரியும், பின்னால் ஆளில்லாத சீற்றைத்தான் எங்களுக்குத் தருவார்.

சென்னையில் பதினொரு நாள் காத்திருந்தோம். இரத்தம் எடுத்தார்கள், இதயம் பார்த்தார்கள், எனக்கு விசரா, மூளை பிசகா என்று மூன்று மணித்தியாலம் கேள்வி கேட்டார்கள். காத்திருக்கும் கூடத்தில் நான் "ஹப்" என்று கத்தக் கத்த ஆட்கள் கதிரை மாறி மாறி உட்கார்ந்தார்கள். கடைசியில் எங்களைச் சுற்றி ஒரு வரிசையே காலி. "காத்து நல்லா வருது பிள்ளை" என்றார் அண்ணி.

பிறகு முக்கியமான நாள் வந்தது. ஒரு அறையில் கமெராவுக்கு முன் உட்கார வைத்தார்கள். மேசை. கோப்பு. பேனா பிடித்த பெரிய டொக்டர். பக்கத்தில் சின்ன டொக்டர், ஒரு இளம் பெண். அரை மணித்தியாலம் படம் எடுத்தார்கள். அந்த அரை மணித்தியாலமும் நான் மாதா சொரூபம் மாதிரி இருந்தேன். தோள் இரண்டு தரம் அசைந்தது, அவ்வளவுதான். நான் வேண்டுமென்று அடக்கவில்லை. அடக்குகிறேன் என்பதே எனக்குத் தெரியவில்லை.

பெரிய டொக்டர் அண்ணியைப் பார்த்தார். "வீட்ல எப்படிம்மா இருக்காங்க?"

"சுகம் டொக்டர்," என்றார் அண்ணி. "கடவுளே எண்டு இப்ப பரவாயில்லை. அவ்வளவு மோசமெண்டு சொல்லேலாது."

நான் அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைப்பையின் வாரைப் பிடித்துக்கொண்டு டொக்டரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

டொக்டர் நீலக் கொப்பியைப் புரட்டினார். அரை மணித்தியாலத்துக்கு ஆறு, எட்டு, ஐந்து. நான் எட்டிப் பார்த்தேன். எனக்கு இரத்தம் தலைக்கு ஏறியது. அது ஒரு நிமிடத்துக்கு வரும் கணக்கு! கணக்கு டீச்சரின் வீட்டில் இப்படி ஒரு கணக்கா?

"ஸ்கேன் மோசமாத்தான் இருக்கு," என்றார் டொக்டர். "ஆனா நாங்க பார்க்கிறதுக்கும் இந்த நோட்டுக்கும் ஸ்கோர் வரலியே. குழு ஒத்துக்காது. இது மூளை ஆபரேஷன்மா, சும்மா செய்ய முடியாது. நாளன்னைக்கு இன்னொரு தடவை எடுப்போம்."

இரண்டாம் தடவை நான் ஒரு முட்டாள்தனம் செய்தேன். வரவேண்டும், வரவேண்டும் என்று உள்ளுக்குள் மன்றாடினேன். வேண்டாம் என்றால் ஓடி வருகிற சனியன் அன்றைக்கு எட்டியும் பார்க்கவில்லை. பத்து நிமிடமானதும் நானே தலையை வெட்டினேன். நானே கத்தினேன். பெரிய டொக்டர் பேனாவை வைத்துவிட்டார். "இது நீங்களா பண்றதும்மா. எங்களுக்கு வித்தியாசம் தெரியும்." குரலில் கோபம் இல்லை, இரக்கம் இருந்தது. எனக்கு அதுதான் தாங்கவில்லை. சின்ன வயதிலிருந்து நடிக்கிறாள், நடிக்கிறாள் என்று கேட்டவள், வாழ்க்கையில் முதல் தடவையாக நடித்துக் கையும் களவுமாகப் பிடிபட்டேன். குழு அடுத்த நாள் கூடும், எதிர்பார்க்க வேண்டாம் என்றார்கள்.

ஆஸ்பத்திரிச் சாப்பாட்டுக் கடையில் வைத்து அண்ணியைப் பிடித்தேன். சுற்றியிருந்தவர்கள் தோசையைப் பிய்க்காமல் எங்களையே பார்த்தார்கள். நான் கவலைப்படவில்லை.

"ஆறு எண்டு எழுதி வைச்சிருக்கிறியள்! நான் உங்களுக்கு என்ன பாவம் செய்தனான்? என்ர கை போகப் போகுது அண்ணி! உங்களுக்கு எண்ணத் தெரியாதோ, இல்லை நான் நொண்டியாப் போனாத்தான் உங்களுக்குச் சந்தோசமோ?"

அண்ணி தேத்தண்ணியைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"எண்ணினனான் பிள்ளை. எல்லாம் எண்ணினனான். எழுதத்தான் பயம்."

"என்ன பயம்?"

"இடம்பெயர்ந்து இருக்கேக்க என்ர தம்பிக்கு மலேரியா மூளைக்கு ஏறினது, உனக்குத் தெரியும்தானே. ஆஸ்பத்திரி எண்டு ஒரு கொட்டில். நான் ஓடிப்போய், 'ஐயா, சரியான கடுமை, சாகப் போறான்' எண்டு குழறினன். அவனைத் தூக்கிச் சுவரோரம் கிடத்திச்சினம். பிறகு ஒரு தாய் பெடியனைக் கொண்டு வந்தா. 'அவ்வளவில்லை, கொஞ்சக் காய்ச்சல்தான்' எண்டு சொன்னா. அவனுக்கு ஊசி போட்டவை. மருந்து அவ்வளவுதான் இருந்தது, தப்பக்கூடிய ஆளுக்குத்தானே குடுப்பினம். நான் ஆரைக் குறை சொல்லுறது? பின்னேரம் தம்பி போயிட்டான்." அண்ணி மூக்கைத் துடைத்தார். "அண்டைக்குப் பிறகு டொக்டர்மாருக்கு முன்னால நான் கடுமை எண்டு ஒரு சொல்லுச் சொன்னதில்லை. சொன்னா கைவிட்டிடுவினம். உன்னையும் சுவரோரம் போட்டிடுவினம் எண்டு..."

எனக்குக் கோபம் போகவில்லை. போனது என்று எழுதினால் பொய். ஆனால் அதை யார்மேல் கொட்டுவது என்று தெரியவில்லை. தம்பி செத்தது தெரியும். எப்படிச் செத்தான் என்று பத்து வருடமாக ஒரே வளவில் இருந்தும் நான் கேட்டதில்லை. "இது அந்த மாதிரி ஆஸ்பத்திரி இல்லை அண்ணி," என்றேன். "இஞ்ச கடுமை எண்டாத்தான் பாப்பினம்." அண்ணி என்னை உற்றுப் பார்த்தார். "இதில இரு. வாறன்," என்று எழுந்து போனார்.

அடுத்த நாள் காலை சின்ன டொக்டர் என்னைக் கூப்பிட்டார். வெளியேறுவதற்கான படிவம் நிரப்ப வேண்டுமாம். மேசைக்கு முன்னால் அரை மணித்தியாலம் பெயர், ஊர், அம்மா பெயர், ஒவ்வாத மருந்து என்று கேட்டுக்கேட்டு எழுதினார். நான் கல்லாக உட்கார்ந்திருந்தேன். மனதுக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. கடைசியில் கோப்பை மூடினார். "முடிஞ்சுதுங்க. நீங்க போகலாம்."

வெளியே நடையில் அண்ணி வாங்கில் உட்கார்ந்திருந்தார். மடியில் துவாய். நான் பக்கத்தில் போய் இருந்தேன், அவ்வளவுதான், வந்தது. தலை சுவரில் மோதாமல் அண்ணி துவாயைப் பிடித்தார். "ஹப், ஹப்" என்று நடை முழுக்க எதிரொலித்தது. கழுத்துக்குள் எலும்பு உரசுகிற சத்தம் எனக்குக் கேட்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நிமிர்ந்தபோது கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் சின்ன டொக்டர் கமெராவோடு நின்றார்.

அது அண்ணியின் யோசனை. முதல் நாள் அவர் சின்ன டொக்டரிடம் போய் ஓமந்தையைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். "நீங்கள் பாக்கேக்க அவளுக்கு வராது. போகலாம் எண்டு சொல்லிப்போட்டுப் பாருங்கோ." எனக்குச் சொல்லாமல் எடுத்ததில் எனக்கு இன்றைக்கும் கோபம்தான். படம் எடுக்கச் சம்மதம் என்று முதல் நாளே நான் கையெழுத்து வைத்ததாகச் சொல்கிறார்கள். வைத்தேன்தான். ஆனாலும் கோபம்.

பின்னேரம் பெரிய டொக்டர் அந்தப் படத்தை எங்களோடு இருந்து பார்த்தார். என்னை நான் வெளியிலிருந்து பார்த்தது அதுதான் முதல் தடவை. அழுதேன். இவ்வளவையும் பார்த்துக்கொண்டா என் வகுப்புப் பிள்ளைகள் மூன்றாம் கிழமை சிரிக்காமல் இருந்தார்கள்? அண்ணி திரையைப் பார்த்து விரல் மடித்து எண்ணினார். இந்தமுறை ஒன்றையும் விடவில்லை. படம் முடிந்ததும், கேட்காமலே, டொக்டரைப் பார்த்துச் சொன்னார்.

"கடுமை டொக்டர். சரியான கடுமை."

சொல்லிவிட்டுத் தேம்பித் தேம்பி அழுதார். பெரிய டொக்டர் திகைத்துப்போய்த் தண்ணீர் எடுத்துக் கொடுத்தார். அந்த ஒரு சொல்லை அண்ணி எங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்தார் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

குழு சம்மதித்தது. தலையை மழித்து, இரும்புச் சட்டம் ஒன்றை மண்டையில் நாலு இடத்தில் திருகிப் பூட்டினார்கள். விறைப்பு ஊசி போட்ட இடம் நோகாது, ஆனால் துளையிடும் சத்தம் பல்லுக்குள் கேட்கும். பாதி நித்திரை, பாதி விழிப்பு. கம்பி சரியான இடத்தில் இருக்கிறதா, பேச்சுக் குழறுகிறதா என்று பார்க்க என்னைப் பேசச் சொன்னார்கள். பதினேழாம் வாய்ப்பாடு சொன்னேன். பதினேழு எட்டு நூற்று முப்பத்தாறு. சரியா என்று பார்க்க அங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. சில நாள் கழித்து நெஞ்சில் பற்றரியை வைத்தார்கள்.

அதைப் போட்டதும் எல்லாம் நின்றது என்று யாரும் நினைக்க வேண்டாம். இரண்டு கிழமை கழித்துத்தான் பற்றரியை இயக்கினார்கள். ஒரு அளவில் கை முழுக்கச் சுருசுருத்தது. இன்னொரு அளவில் நாக்கு தடித்தது. வேறொன்றில் காரணமில்லாமல் இரண்டு நாள் துக்கமாக இருந்தது. கூட்டினார்கள், குறைத்தார்கள், நாளைக்கு வாருங்கள் என்றார்கள். நான் பொறுமை இழந்து சின்ன டொக்டரோடு இரண்டு தரம் சண்டை பிடித்தேன். ஐந்தாம் கிழமை ஒரு காலையில் தலை சீவி முடித்த பிறகுதான் கவனித்தேன். சீப்பு ஒரு தடவையும் விழவில்லை.

முழுதாக நிற்காது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து அளவு பார்க்க வேண்டும், சில வருடத்தில் பற்றரி மாற்ற வேண்டும் என்றார் பெரிய டொக்டர். "வந்து போறதுல ஒண்ணும் பிரச்சனை இல்லையே?" அப்போதே ஊரிலிருந்து வந்த செய்திகள் நல்லதாக இல்லை. பாதையைப் பூட்டிவிடுவார்கள் என்று ஒரு கதை அடிபட்டது. "பிரச்சினை இல்லை டொக்டர்," என்றேன். அண்ணி என்னைப் பார்த்தார். நானும் அதே ஊர்க்காரிதானே.

திரும்பி வரும்போது ஓமந்தையில் பரிசோதித்த பெண் சிப்பாயின் கை என் நெஞ்சுப் பற்றரியில் நின்றுவிட்டது. கை அங்கிருந்து எடுபடவில்லை. இன்னொருத்தியைக் கூப்பிட்டார். நான் தலைத்துணியை விலக்கித் தழும்பைக் காட்டினேன், அண்ணி ஆஸ்பத்திரிக் கடிதத்தை நீட்டினார். கடிதம் ஒரு மேசைக்குப் போனது, அங்கிருந்து இன்னொரு மேசைக்குப் போனது. வெயிலில் ஒரு மணித்தியாலம் நின்றோம். கழுத்து அசையவில்லை. ஆனால் அடக்குகிறேனா, இல்லை உண்மையிலேயே வரவில்லையா என்று எனக்கே தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது. கடைசியில் கடிதம் வந்தது. "போகலாம்."

பஸ்காரர் என்னைக் கண்டதும் பழக்கத்தில் எங்கள் சீற்றின் பின்சீற்றுக்காரரை எழுப்பினார். அண்ணி துவாயை மடித்துப் பிடரிக்குப் பிடித்தார். மற்றக் கையில் நீலக் கொப்பி. தொடர்ந்து எழுதச் சொல்லித்தான் டொக்டர் அனுப்பியிருந்தார். பஸ் வெளிக்கிட்டது. நான் முன்கம்பியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். பஸ்ஸில் பாதிப் பேர் என்னோடு சேர்ந்து காத்திருந்தார்கள். பள்ளம் ஒன்றில் ஒரு வெட்டு வந்தது. கொஞ்சத் தூரம் போய் இன்னொன்று. புளியங்குளம் வந்தது, போனது. அண்ணி துவாயை எடுக்காமலே கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார். கனகராயன்குளத்தில்தான் அதைக் கீழே இறக்கினார்.

கொப்பியை மடியில் வைத்து, பேனாவைத் திறந்து, இரண்டு என்று எழுதினார்.

"மூண்டு, அண்ணி," என்றேன். "மாங்குளத்தடியில இன்னொண்டு தோளில வந்தது. நீங்கள் கண்ணைத் துடைச்சுக்கொண்டு இருந்தனீங்கள். ஒழுங்கா எழுதுங்கோ."

"மாங்குளம் இன்னும் வரேல்லையடி," என்றார் அண்ணி.

ஜன்னலால் எட்டிப் பார்த்தேன். உண்மைதான், இன்னும் வரவில்லை. "அப்ப புளியங்குளத்தடியில. எங்கயோ ஒரு இடத்தில. வந்தது வந்ததுதான்."

அண்ணி சிரித்தார். பிறகு இரண்டை வெட்டிவிட்டு, பக்கத்தில் பெரிதாக மூன்று என்று எழுதினார்.